காயீன் பொண்டாட்டி

— நோவாவோட பொண்டாட்டியையா? அவங்களையா எடுத்து ஒட்டினீங்க, டீச்சர்?

— வேற என்ன பண்ணச் சொல்றே? பாடத்துக்கு வச்சிருக்கிற பொம்மைப் பெட்டியில பொம்பளை உருவமே நாலஞ்சுதான் இருக்கு. ஏவாளை எடுக்க முடியாது, அவ ஏற்கெனவே பலகையில நின்னுக்கிட்டு இருக்கா. கையில கிடைச்சவளை எடுத்துக் காயீன் பக்கத்துல ஒட்டினேன். துணிப் பலகை, துணி பொம்மை, எவ எவளா இருந்தா சின்னப் பிள்ளைங்களுக்கு என்ன தெரியப்போகுதுன்னு நினைச்சேன். என் தலையெழுத்து!

— கண்டுபிடிச்சிட்டாங்களா?

— முன்வரிசையில உக்காருமே, பல்லு விழுந்த வாண்டு, அது எழுந்து நின்னு கத்துது. ‘டீச்சர், இவங்க போன வாரம் பேழையில இருந்தாங்களே! வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி எப்படி வந்தாங்க?’ ஞாயிறு வகுப்பே கொல்லுன்னு சிரிக்குது.

— அதுக்கு எப்படித் தெரிஞ்சுதாம்?

— முக்காட்டுல பசைக் கறை. அதைப் புறா எச்சம்னு போன வாரம் நான்தானே சொல்லி வச்சேன்! சிரிக்காதே பொண்ணே. நீ சிரிச்சா எனக்கும் வருது.

— சரி, சிரிக்கலை. ஆனா பேழை வரைக்கும் போன பாடம் எதுக்குத் திரும்பிக் காயீன்கிட்ட வந்துச்சு?

— நான் தாண்டிப் போயிட்டேன், அதான். ஆதாம் ஏவாளைத் தோட்டத்தை விட்டு வெளியே அனுப்புவேன், மறு வாரமே எல்லாரையும் பேழையில ஏத்திடுவேன். வருஷா வருஷம் இப்படித்தான். இந்த வருஷம் பாஸ்டர் பிடிச்சிட்டார். ‘நடுவுல ஒரு குடும்பம் இருக்கே டீச்சர், அதை எங்கே விட்டீங்க’ன்னார்.

— ஏன் தாண்டுறீங்க?

— நீ இங்க வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு, அதான் கேக்கிறே. இந்தச் சபையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. எனக்கு ரெண்டு பசங்க. சின்னவன் போயிட்டான். வண்டியை ஓட்டினது பெரியவன். ராத்திரி பூரா வேலை பார்த்துட்டு வந்த தூக்கக் கலக்கம். ‘குடுண்ணா, நான் ஓட்டுறேன்’னு சின்னவன் கேட்டிருக்கான். இவன் சாவியைக் குடுக்கலை. அடக்கத்தன்னைக்கு அவங்க அப்பா, ‘இனி உன் முகத்துல முழிக்க மாட்டேன், போ’ன்னார். போனவன் போனவன்தான். உயிரோட இருக்கானான்னுகூடத் தெரியாது. எனக்கு அவன் வேணும். அதை வெளியில சொல்ல முடியலை. இதுல தம்பியைக் கொன்ன அண்ணன் கதையை, காயீன் ஆபேல் கதையை, நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?

— கேட்டிருக்கக் கூடாது, டீச்சர்.

— கேட்டாச்சு, விடு. அந்தக் கத்திரியை எடு. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள அவனுக்குன்னு தனியா ஒரு பொண்டாட்டி வேணும். நீ தைக்கிற பொண்ணு, உன் கையில நல்லா வரும். நான் வெட்டினா எல்லாம் பூசணிக்கா மாதிரிதான் வருது.

— முகம் எப்படி வைக்கிறது? இளசா, வயசானவங்களா?

— யாருக்குத் தெரியும்? அவ எங்க இருந்து வந்தான்னே தெரியாது. உலகத்துல மொத்தமே நாலு பேர். அதுல ஒருத்தன் செத்தாச்சு. பார்த்தா, திடீர்னு இவனுக்குப் பொண்டாட்டி இருக்கா, பிள்ளை பிறக்குது.

— பாஸ்டர் என்ன சொல்றார்?

— அதை ஏன் கேக்கிறே! ஆதாமுக்கு அப்புறமும் பசங்க பொண்ணுங்க பிறந்தாங்கன்னு அடுத்த அதிகாரத்துல இருக்காம், அதனால தங்கச்சியாத்தான் இருக்கணுமாம். அதை அப்படியே வகுப்புல போய் ஒப்பிச்சேன் பாரு! ‘ஐயே’ன்னு ஒரே சத்தம். அண்ணன் தங்கச்சியா பக்கத்துல பக்கத்துல உக்காந்திருந்த ரெண்டு நண்டும் பெஞ்சுல ஆளுக்கொரு மூலைக்குப் போயிடுச்சு.

— ஐயோ டீச்சர், வயிறு வலிக்குது, போதும்.

— இன்னும் இருக்கு. ஒரு கண்ணாடிக்காரி இருக்காளே, வாயைத் திறந்தாலே கேள்விதான். ‘என்னைப் பார்க்கிறவன் எவனும் கொன்னுடுவான்னு காயீன் அழுறானே, வேற மனுஷங்களே இல்லைன்னா யாரைப் பார்த்துப் பயம்?’ அது முடியறதுக்குள்ள இன்னொண்ணு. ‘நிலையில்லாம அலைவேன்னு தண்டனை வாங்கினவன், போய் ஒரு ஊரையே கட்டினான்னு போட்டிருக்கே, அது எப்படி?’ எல்லாரும் கண்ணை மூடுங்க, ஜெபம் பண்ணலாம்னு சொல்லி முடிச்சிட்டேன்.

— ஊர்னா பெருசா இருக்கணுமா என்ன? ஒரு ரூம், ஒரு அடுப்பு, வேலை முடிஞ்சு வந்தா கதவைத் திறந்து விட ஒரு ஆள். அலைஞ்சவருக்கு அதுவே ஊர்தானே?

— நல்லாத்தான் பேசுறே. ஆனா கதவைத் திறக்கிற ஆள் வேணுமே. கூடப் பிறந்தவன் சாவுக்குக் காரணமானவன்னு தெரிஞ்சா எந்தப் பொண்ணு கழுத்தை நீட்டுவா? மறைச்சித்தான் கட்டியிருப்பான்.

— இல்லை. எல்லாம் தெரிஞ்சுதான் கட்டினா.

— என்னமோ கூட இருந்து பார்த்த மாதிரி சொல்றே.

— அப்படி ஒருத்தரை எனக்குத் தெரியும், டீச்சர். சொல்லட்டுமா? கத்திரியைக் கீழ வச்சிடறேன்.

— என்னம்மா ஆச்சு? தண்ணி குடி முதல்ல.

— வேணாம், சொல்லிடறேன். நான் தைக்கிற கம்பெனியில மூட்டை தூக்கிற வேலைக்கு வந்தார். யார்கிட்டயும் பேச மாட்டார். டெலிவரி வண்டிக்கு ஆள் வரலைன்னு ஒருநாள் முதலாளி சாவியை நீட்டினார். தொடவே மாட்டேன்னுட்டார். வேலை போனாலும் பரவாயில்லைன்னு வெளியே போய் நின்னுட்டார். எவ்வளவு தூரம்னாலும் நடந்துதான் போவார். எனக்கு ஒருமாதிரி பரிதாபமா இருந்துச்சு. கேன்டீன்ல போய் எதிர்ல உக்காந்தேன். கல்யாணப் பேச்சு எடுத்ததே நான்தான். உடனே எல்லாத்தையும் கொட்டிட்டார், தம்பி சாவி கேட்டது வரைக்கும். ‘இப்பவே எழுந்து போயிடு’ன்னார். நான் எழுந்திருக்கலை.

— எத்தனையோ வீட்டுல இப்படி நடக்குது. பாவம், அந்தத் தாய்.

— அவர்கிட்ட ஒரு பழக்கம், டீச்சர். தினமும் அவிச்ச முட்டை வாங்குவார். மஞ்சள் கருவை முழுசா எடுத்துத் தட்டு ஓரமா வச்சிடுவார். பிடிக்கலைன்னா எதுக்கு வாங்கறீங்கன்னு நான் சண்டைகூடப் போட்டிருக்கேன்.

— நிறுத்து.

— ஒருநாள் நான் அதை எடுத்துச் சாப்பிட்டுட்டேன். அப்படியே உடைஞ்சு அழுதுட்டார்.

— நிறுத்துன்னு சொன்னேன்ல! அது சின்னவனுக்கு. சின்னவனுக்கு மஞ்சள் கருன்னா உயிர். பேச்சு வராத வயசுல இருந்து அண்ணன் தட்டுல இருந்து எடுத்துத் தின்பான். அது யாருக்கும் தெரியாதே. யார் நீ? ஏய், என்னைப் பார்த்துச் சொல்லு, யாருடி நீ?

— உங்க பெட்டியில இல்லாத ஆள்தான், அத்தை. காயீன் பொண்டாட்டி.

— அந்தப் பேரைச் சொல்லாதே! என் பிள்ளையை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடாதே! காயீன் வேணும்னே பண்ணினான். வயலுக்குக் கூட்டிட்டுப் போய் அடிச்சான். என் பையன் தூங்கிட்டான். அவ்வளவுதான் பண்ணினான், தூங்கிட்டான்!

— இதை அவர் கேக்கணும், அத்தை. ஒரே ஒரு தடவை உங்க வாயால கேக்கணும். அவர் தன்னை வேற பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

— இருக்கானா? நல்லா இருக்கானா? சாப்பிடுறானா? உடம்பு எப்படி இருக்கு?

— இருக்கார். தலையில நாலு முடி நரைச்சிருக்கு. புருவத்துல அன்னைக்கு வண்டிக் கண்ணாடி கிழிச்ச தழும்பு அப்படியே இருக்கு. சாப்பிடுறார். அந்த மஞ்சள் கருவை மட்டும்...

— எனக்குக் கோவம் போகலைடி. பொய் சொல்ல மாட்டேன். சாவியைக் குடுத்திருந்தா என்னடா குறைஞ்சு போயிருப்பேன்னு தினம் கேக்கிறேன். கேட்டுட்டு, குளிருக்குப் போர்த்திக்க இருக்கோ இல்லையோன்னு படுத்துக்கிட்டு அழுறேன். ரெண்டும் ஒரே நெஞ்சுலதான் இருக்கு. இத்தனை நாளா வந்து போறியே, ஏன் சொல்லலை?

— நீங்க எப்படிப்பட்டவங்கன்னு பார்க்கணும்னு தோணுச்சு. பயமாவும் இருந்துச்சு. அப்புறம்... நான் மட்டும் வரலை, அத்தை. இன்னொரு ஆளும் கூட வந்திருக்கு. அஞ்சாம் மாசம்.

— ஆண்டவரே! அடிப்பாவி, அதான் தொளதொளன்னு சட்டையா? இந்தக் கால் ஆடுற ஸ்டூல்ல உக்கார வச்சிருக்கேனே உன்னை! எழுந்திரு, இப்படி வா, இந்த நாற்காலிக்கு வா. சாய்ஞ்சு உக்காரு. காலையில என்ன சாப்பிட்டே? உன்னை இங்க அனுப்பினது அவனா?

— அவர் இல்லை. வேற ஒருத்தர். பேர் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டார்.

— பாஸ்டர்தானே? தெரியும் எனக்கு! அதான் அந்தப் பாடத்தை எடுங்கன்னு அப்படிப் பிடிவாதம் பிடிச்சாரா மனுஷன்! சரி, அவன் ஏன் வரலை? பக்கத்துலதானே இருக்கீங்க? அப்பாவுக்குப் பயப்படுறானா?

— அந்தக் கண்ணாடிக்காரப் பாப்பா கேட்டாளே, காயீனுக்கு யாரைப் பார்த்துப் பயம்னு.

— ம்.

— நாலு பேர்ல ஒருத்தர் செத்தாச்சு. ஒருத்தர் அவர். மிச்சம் இருந்தது அப்பாவும் அம்மாவும்தான். அம்மாவை யாரும் கணக்குல சேர்க்கிறதே இல்லை.

— என்னையா சொல்றே?

— ‘அப்பா திட்டினார், திட்டினதை வாங்கிக்கிட்டேன். அம்மா ஒரு வார்த்தை பேசலை. என் பக்கமே திரும்பலை’ன்னு சொல்லுவார். உங்களை நேரா பார்க்கணும்னாத்தான் அவருக்கு உயிரே போகுது.

— என்னைப் பார்க்கவா பயம்? என் பிள்ளைக்கு என்னைப் பார்க்கப் பயமா? நான் திரும்பாம இருந்தது, திரும்பிப் பார்த்தா ஓடிப் போய் அவனைக் கட்டிக்குவேன்னுடி! செத்துக் கிடந்த பிள்ளையை விட்டுட்டு எப்படிப் போவேன்? நான் ஒருத்திதானே, ரெண்டு பக்கமும் எப்படி இருப்பேன்?

— அழாதீங்க, அத்தை. நீங்க அழுதா எனக்கும் வருது.

— அழுறேன், விடு. ஏவாளும் இப்படித்தான் அழுதிருப்பா. ஆபேலுக்குப் பதிலா இன்னொரு பிள்ளை கிடைச்சான்னு சந்தோஷப்பட்டாளாம். காயீனுக்குப் பதிலா யாரையும் கேக்கலை பாரு. எப்படிக் கேப்பா? அவன்தான் உசுரோட இருக்கானே. வரச் சொல்லு. இன்னைக்கே வரச் சொல்லு.

— நிஜமாவா?

— பின்னே விளையாட்டுக்கா? ஆனா பக்குவமா செய்யணும். வீட்டுக்காரருக்கு இது தெரியவே கூடாது. அந்தப் பேச்சை எடுத்தாலே தட்டைத் தள்ளிட்டு எழுந்திருச்சிடுவார். இத்தனை வருஷத்துல பெரியவன் பேர் அவர் வாயில வந்ததே இல்லை. கல்லு மனசு. நீ ஒண்ணு பண்ணு, அவர் இப்ப இந்தச் சபைக் கூடத்தைப் பூட்ட வருவார், அதுக்குள்ள பின்பக்கமா கிளம்பிடு. அவனை மார்க்கெட் பக்கம் எங்கேயாவது வரச் சொல்லு, காய் வாங்கப் போறேன்னு நான் வந்துடறேன்.

— மாமாவுக்குப் பயந்து நான் எதுக்கு அத்தை ஒளியணும்?

— உனக்கு அவரைத் தெரியாது. நான் வாழ்ந்தவ சொல்றேன், கேளு. ஐயோ, கேட் சத்தம் கேக்குது. வந்துட்டார். கண்ணைத் துடை. கத்திரியைக் கையில எடு. வாயைத் திறக்காதே, நான் பேசிக்கிறேன்.

— என்ன, இன்னும் முடியலையா? பூட்ட வேணாமா?

— இதோ ஆச்சுங்க. இது... இது தையல்காரப் பொண்ணு. பொம்மை வெட்டிக் குடுக்க வந்துச்சு. யாரோ எவரோ, புதுசா குடிவந்தவங்களாம். நீ கிளம்பும்மா, நேரமாகுது.

— உன் கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?

— அது பசை நெடிங்க. வேற ஒண்ணுமில்லை.

— ம். ஏம்மா, மத்தியான மாத்திரையைப் போட்டியா இல்லையா? உன் புருஷன் காலையில இருந்து போன் மேல போன் போட்டு என் உயிரை வாங்குறான்.