டேப் ஒட்டிய ரேடியோ

...இன்னும் ஆன்டெனா கம்பம் நடணும், வெயில் ஏறிக்கிட்டே போகுது, எனக்கு முட்டி வேற வலிக்குது. உக்காந்துக்கிட்டே பேசுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. புதுசா வர்றவங்களுக்கு ரேடியோவை எப்படித் தயார் பண்ணி வைக்கிறதுன்னுதானே பேசிட்டிருந்தோம்... அதுக்கு ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன். கதைன்னா கதை இல்ல. நான் பண்ணின கூத்து.

மூணு வருஷம் முன்னாடி, இதே மாதிரி ஒரு மைதானம். போன் இல்லாமலே ஊர் விட்டு ஊர் பேசுற இதே ஹாம் ரேடியோ முகாம். புதுசா வர்றவங்க உக்காந்து பேசுற மேசை என் பொறுப்பு. ரெண்டு வாரம் வேலை பார்த்தேங்க. பேட்டரி, வயர், கயிறு, உபரி ஃப்யூஸ்... எதை விட்டேன்? ஒண்ணையும் விடலை. வர்றவங்க எதையாவது திருகிக் கெடுத்துடுவாங்கன்னு எல்லாத் திருகு குமிழ்லயும் வெள்ளை டேப்பை ஒட்டிட்டேன். எல்லாத்துலயும். வால்யூம்லயும்.

முதல்ல வந்தது புஷ்பவல்லின்னு ஒரு அம்மா. கடலோரக் குப்பத்துல அங்கன்வாடி டீச்சர். ரெண்டு பஸ் மாறி வந்திருக்காங்க. ஏன்? போன புயல்ல மூணு நாள் அவங்க ஊர்ல போன் இல்ல. ஒரு பொண்ணு பிரசவ வலியில துடிச்சிருக்கு, வெளிய யாருக்கும் சொல்ல முடியல. "அய்யா, இதை நான் கத்துக்கிட்டா அடுத்த தடவை சொல்லிடலாம்ல?"ன்னு கேட்டாங்க.

நான் என்ன சொன்னேன்? "மைக் பட்டனை அமுக்கிப் பேசுங்கம்மா. வேற எதையும் தொடாதீங்க."

அமுக்கினாங்க. "யாராவது கேக்குறீங்களா?" பதில் இல்ல. திரும்பக் கூப்பிட்டாங்க. இல்ல. நாலு தடவை... இல்ல. பக்கத்துல ஜெனரேட்டர் தடதடன்னு ஓடுது. நான் என்ன பண்ணேன்? பெரிய அனுபவசாலி மாதிரி, "இன்னிக்கு ரேடியோ அலை சரியில்லம்மா"ன்னேன்.

அந்த அம்மா மைக்கை மெதுவா வச்சாங்க. "எனக்கெல்லாம் இது வராது போலருக்கு அய்யா." பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

அஞ்சு நிமிஷத்துல போன் அடிக்குது. காயல்பட்டினத்துலேருந்து நம்ம மீரான் பாய், அவரும் வீட்டுல ரேடியோ வச்சிருக்கிறவர். "யோவ், அந்த அம்மாவுக்கு நாலு தடவை பதில் சொல்லிட்டேன். ஏன்யா கண்டுக்கவே மாட்டேங்கிறாங்க?"

வால்யூமைப் பார்த்தேன், அடியில கிடக்குது. வால்யூமை எங்க வச்சு டேப் ஒட்டினேன் தெரியுமா? வீட்டுல, மத்தியானம், வீட்டுக்காரம்மா தூங்குறாங்கன்னு குறைச்சு வச்சு ஒட்டினேன். மைதானத்துல ஜெனரேட்டர் ஓடும்னு எனக்குத் தோணலை பாருங்க.

இந்த முட்டியை வச்சுக்கிட்டு ஓடினேன். பஸ் கிளம்புது. ஜன்னல்கிட்ட நின்னு, "அம்மா, நீங்க பேசினது கேட்டுச்சு... நாலு தடவையும் பதில் வந்துச்சு. நம்ம காதுலதான் விழலை"ன்னேன்.

"அப்ப என் மேல தப்பு இல்லையா அய்யா?"

"இல்லம்மா. என் மேலதான்."

பஸ் போயிடுச்சு. அவங்க இறங்கலை. அன்னிக்கு நான் சோறு திங்கலை, வெக்கமா இருந்துச்சு. ஒரு குப்பத்தையே திருப்பி அனுப்பிட்டமேன்னு இருந்துச்சு. ஆறு மாசம் கழிச்சு அடுத்த முகாமுக்கு வந்தாங்க. உக்காந்ததும் முதல் வார்த்தை என்ன தெரியுமா? "டேப்பை நான் பிரிச்சுக்கலாமா அய்யா?" இப்ப லைசன்ஸ் வாங்கிட்டாங்க. புயல் எச்சரிக்கை வந்தா அந்தக் குப்பத்துலேருந்து முதல்ல வர்றது அவங்க குரல்தான்.

எதுக்கு இதைச் சொல்றேன்? களைப்புல இருக்கும்போது நமக்கு மிஷின் மேலதாங்க அக்கறை வருது, மனுஷங்க மேல வர மாட்டேங்குது. ரேடியோ கெட்டா சரி பண்ணிக்கலாம். எனக்கு வராதுன்னு ஒருத்தர் எழுந்து போனா, எல்லாரும் திரும்பியா வர்றாங்க? அவங்க கை படுறதுக்குத்தானே அதை மேசையில வைக்கிறோம்?

சரி, கம்பத்தைத் தூக்குவோம். அதுக்கு முன்னாடி... அந்த மேசை மேல வெள்ளை டேப் சுருள் ஒண்ணு கிடக்கே, யாரோடது? எடுத்து பைக்குள்ள வச்சிடுங்க.