ஹலோ: ஒரு கேள்விச் சீட்டு

— ...அந்த ஆட்டோட பேருதான் ஹலோ. எழுதிக்கிட்டீங்களாம்மா?

— ஆடுன்னு எழுதிட்டேன். எந்த நாட்டு ராஜா, சார்?

— நாடு முக்கியமில்ல. ராஜாவுக்குக் காது கேக்காது, அதுதான் முக்கியம். யார் அரண்மனைக்கு வந்தாலும் முதல்ல ஆட்டைக் கூப்பிடணும். ஆடு போய் ராஜாவை முட்டும். அவர் திரும்பிப் பார்ப்பார். யாரைப் பார்த்தாலும் ஹலோன்னு கூப்பிடறது அப்படியே பழக்கமாயிடுச்சு.

— ஆடு செத்த பிறகு?

— பழக்கம் நின்னுடுமா? கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தாங்க.

— போன வாரம், ஹலோங்கறது சர்க்கஸ்ல பல்லு போன சிங்கத்தோட பேருன்னு சொன்னீங்க.

— அது என் மாமனார் சொன்னது. தப்பா இருக்கலாம். அவருக்குச் சிங்கத்தோட அவ்வளவாப் பழக்கமில்ல.

— அதுக்கு முந்தின வாரம், கிணத்துல விழுந்த கணக்கு வாத்தியார் மூழ்கறப்ப சொன்ன கடைசி வார்த்தைன்னீங்க.

— வாத்தியார் விஷயத்துல எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கு. பார்த்தீங்களா அதை?

— பார்த்தேன். இந்த நூலகத்துல இருக்கற எந்தப் புத்தகத்துலயும் அந்த வாத்தியார் இல்ல.

— நல்லாத் தேடினீங்களா? ஒல்லியான மனுஷன்.

— சார்... இன்னைக்கு உங்க கேள்விச் சீட்டை மூடியாகணும்.

— எப்படி மூடுவீங்க? ஆட்டை இன்னும் சரிபார்க்கலையே. கேள்வி கேட்டவரே ஒரு விளக்கம் சொன்னா, அதைச் சரிபார்க்காம சீட்டை மூடக்கூடாதுன்னு விதி. நீங்கதானே முதல் நாள் படிச்சுக் காட்டினீங்க.

— விதி இருக்கு. கேள்விக்குப் பதில் சொல்ற மேசைதான் இருக்காது. ஃபோன்ல கேள்வி கேக்கறவங்களே இப்ப இல்லையாம், எல்லாரும் கையில வச்சிருக்கறதுலயே பார்த்துக்கறாங்களாம். தலைமை நூலகர் காலையில வந்து சொல்லிட்டுப் போனார். நாளையிலேர்ந்து நான் கீழ்த்தளத்துல பழைய பத்திரிகைக் கட்டு அடுக்கணும். அங்க மேசையும் கிடையாது, ஃபோனும் கிடையாது.

— கேக்கறவங்களே இல்லைன்னா... நான் யாரு?

— நானும் அதைச் சொல்லிப் பார்த்தேன். “அவர் ஒருத்தர்தானேம்மா”ன்னார்.

— ஒருத்தர்தான். அதுல அவர்மேல தப்பு சொல்ல முடியாது.

— ஏதோ இழுபடற சத்தம் கேக்குது. சார், லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன். நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டேன். நின்னுக்கிட்டேதான் பேசுவேன் வழக்கமா... சரி, மூடறதுன்னா எப்படி?

— சரியான பதிலை நான் படிப்பேன். “பதில் கிடைத்தது”ன்னு நீங்க சொல்லணும். அவ்வளவுதான்.

— சொல்லலைன்னா?

— சார்...

— சும்மா கேட்டேன். படிங்க.

— பெரிய ஆங்கில-தமிழ் அகராதியை மடியில வச்சிருக்கேன், கால் மரத்துப்போச்சு. “ஹலோ. முதலில் இது முகமன் அன்று, கூப்பாடு. தொலைவில் இருப்பவரைத் தன் பக்கம் திருப்பக் கத்தும் ஒலி. ஹல்லோ, ஹொல்லோ என்ற பழைய வடிவங்கள் உண்டு. வேட்டை நாய்களை ஏவவும் இப்படிக் கத்தினார்கள். தொலைபேசி வந்த பிறகே பேச்சின் தொடக்கச் சொல்லாக ஊன்றியது...”

— ம்.

— “இன்னும் பின்னே போனால், பழைய ஜெர்மானிய மொழியில், ஆற்றின் இக்கரையில் நிற்பவர் அக்கரையில் உள்ள—”

— பக்கத்தைத் திருப்புங்க. படகுக்காரர் அடுத்த பக்கத்துல இருப்பார்.

— திருப்பணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? புத்தகம் என் மடியில இருக்கு, சார்.

— அந்த அகராதியில எச் எழுத்து முழுக்க என் கண்ணு வழியாத்தான் அச்சுக்குப் போச்சு. பதினோரு மாசம் பிழை திருத்தினேன். அந்த வரி பக்கம் தாண்டி உடையுதேன்னு அச்சுக் கோக்கறவர்கிட்ட சண்டைகூடப் போட்டேன். அவர் காதுலயே வாங்கல.

— அப்ப பதில் தெரிஞ்சேதான் கேட்டீங்க.

— படகுக்காரனைக் கூப்பிடற சத்தம். வந்து கூட்டிட்டுப் போன்னு அர்த்தம். இருட்டறதுக்குள்ள அவன் காதுல விழணுமேன்னு கத்தறது.

— பின்ன எதுக்கு சார் நாற்பது நாளா என்னைத் தேட வச்சீங்க?

— உண்மையைச் சொன்னா ஒரே நாள்ல முடிஞ்சிடுமே... என் வீட்டம்மா இருந்தவரைக்கும் இந்த ஃபோன் ஓயாது. எல்லாம் அவளுக்கு வர்றதுதான். எடுத்து அவகிட்ட குடுக்கறது என் வேலை. அவ போனப்புறம் ஒரு மாசம் துக்கம் விசாரிச்சு அடிச்சது. அப்புறம் சத்தமே இல்ல. ரிப்பேர்னு நினைச்சு ஆளைக் கூட்டிட்டு வந்தேன். அவன் காதுல வச்சுப் பார்த்துட்டு, நல்லாத்தான் இருக்குன்னான். சோதிச்சுப் பார்க்க யாருக்காவது போடட்டுமான்னு கேட்டான். யாருக்குன்னு சொல்றது? மேசைமேல நூலக அட்டை கிடந்தது. அதுக்குப் பின்னால இருந்த நம்பரைச் சொன்னேன். நீங்க எடுத்து “ஹலோ, என்ன தெரிஞ்சுக்கணும்?”னு கேட்டீங்க. அவன் என் கையில குடுத்துட்டான். எனக்கு என்ன கேக்கறதுன்னு தெரியல, நீங்க சொன்ன வார்த்தையையே திருப்பிக் கேட்டேன். பார்த்துட்டுக் கூப்பிடறேன்னு சொன்னீங்க.

— ஆமா, சொன்னேன்.

— கூப்பிடவும் செஞ்சீங்க. அதுக்கப்புறம் பொய் சொல்றதுதான் எனக்கு முழுநேர வேலை. காலையில காபி குடிச்சுக்கிட்டே அன்னைய பொய்யை யோசிச்சு வச்சிருப்பேன்... உங்க வேலையைக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்கோங்க. எழுதிக்கோங்க. பதில் கிடை—

— சொல்லாதீங்க சார்.

— விதிம்மா. உங்க தலைமை நூலகர் கேப்பார்.

— கேக்க மாட்டார். இன்னைக்கு மூடணும்னது என்னோட பொய். “பதில் கிடைத்தது”ன்னு உங்களுக்காக நானே எழுதி, மூணாம் நாளே அந்தச் சீட்டை மூடிட்டேன். அதுக்கப்புறம் கூப்பிட்டதெல்லாம் என் சொந்த ஃபோன்லேர்ந்து, சாப்பாட்டு இடைவேளையில. இங்க எல்லாரும் ஜோடி ஜோடியா உக்காந்து சாப்பிடுவாங்க... நான் பின்பக்கப் படிக்கட்டுக்கு வந்து உங்களுக்குப் போடுவேன். நாளைக்குக் கீழ்த்தளத்துலேர்ந்து ஏறி வரணும், ரெண்டு நிமிஷம் தாமதமாகும். ஃபோன் பக்கத்துலயே இருங்க.