காவலுக்கு என்னைப் போட்டான்

காலையில் இட்லிக்குத் தேங்காய்ச் சட்னிதான் அரைப்பேன். என் மகன் தமிழரசுவுக்கு வேறெதுவும் தொண்டையில் இறங்காது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னீர்கள் மேடம். ஆஸ்பத்திரியில் உங்களுக்கும் வேலை கிடக்கும். ஆனால் சட்னியிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வரும்.

ஆவடிப் பக்கம் கோவில்பதாகை வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவன் அப்பா போய் ஆறு வருஷம். தமிழரசு பகல் முழுக்கப் படுத்தபடி போனில் வீடியோ தள்ளிக்கொண்டிருப்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டே ஏதாவது பேசுவேன். ஒரு 'ம்' வராது. சுவரோடு பேசினால் பல்லியாவது உச்சுக் கொட்டும்.

பிறகு அரசாங்கம் அந்தப் புது விதியைக் கொண்டுவந்தது. ஒரு மணி நேரமானால் வீடியோ தானாகப் பூட்டிக்கொள்ளும். திறக்க, வீட்டு ஆள் ஒருவர் ரகசிய எண் போட வேண்டும். தமிழரசுவே என் பெயரைப் பதிந்தான். "நான் கால்ல உழுந்து கேட்டாலும் குடுக்காதம்மா. ஒன்ன உட்டா எனக்கு யாரு கீறாங்க?" என்றான். நல்ல விதிதான், நான் குறை சொல்ல மாட்டேன்.

மறுநாளே வந்து நின்றான். "யம்மா, ஒரே ஒரு தபா." பல மாசத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினான். எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மணிக்கும் வந்தான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அம்மா என்று கூப்பிட்டான். எப்போது பூட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

ஆடி மாசம் அவனாகவே நிறுத்தினான். இருபது நாள் கேட்கவில்லை. முடி வெட்டிக்கொண்டான், ஆவடியில் சிநேகிதர்களோடு சுற்றினான், ஓசூரில் வேலையும் வாங்கிவிட்டான். தங்க இடமும் அங்கேயே. "திங்கக்கெழம கெளம்பறேம்மா. தீவாளிக்கு வந்துடுவேன்" என்று சிரித்தான். எனக்கும் சந்தோஷம்தான். எதிர்வீட்டு அஞ்சலைக்கு லட்டுகூடக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை பை வாசலில் இருந்தது. பூந்தமல்லியில் பஸ் ஏற வேண்டும். குளித்துவிட்டு வந்து தட்டின் முன் உட்கார்ந்தான். பக்கத்தில் போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றைப் பார்த்தான். இன்னொன்று. சட்னி காய்ந்தது, பஸ் போயிற்று. பூட்டிக்கொண்டதும் எழுந்து வந்து, "யம்மா, நம்பரு" என்றான்.

அதற்கப்புறம் மூன்று மாசம். சோறு குறைந்தது, தூக்கம் போனது. முந்தாநாள் குளியலறையில் விழுந்துவிட்டான். நாற்பத்தொரு கிலோ என்கிறார் டாக்டர்.

அவன் மிரட்டி எண்ணை வாங்கியிருப்பான் என்று எழுதிக்கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள், என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை. அந்தத் திங்கட்கிழமை முதல் தடவை அவன் கேட்கவே இல்லை. அவன் குளித்துக்கொண்டிருந்தபோது நானே எண்ணைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அழுத பிள்ளைக்குப் பால் கொடுக்க யாராலும் முடியும் மேடம். என் பிள்ளை அழும்வரை நான் காத்திருக்கவில்லை.