ஊன்றிய கால்

எனக்குச் சொரசொரப்பு ஆகாது ஐயா. புதுக் கரண்டி வாங்கினால்கூட விளிம்பை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் சமையலறைக்குள் விடுவேன். என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

என் வேலை அப்படி. டைட்டானியத் தூளை லேசரால் உருக்கி, படலம் படலமாக அடுக்கி, எலும்பு முறிந்தவர்களுக்குத் தகடு செய்யும் கூடம் எங்களுடையது. மெஷினிலிருந்து எடுக்கும்போது தகடு உப்புத்தாள் மாதிரி இருக்கும். அதை வழவழப்பாக்கிச் சோதித்து அனுப்புவது நான். சொரசொரப்பு மிச்சமிருந்தால் அங்கேதான் விரிசல் பிறக்கும். ஓங்கி அடித்தாலும் உடையாத தகடு, சின்னச் சின்னச் சுமையே ஓயாமல் விழுந்தால் களைத்துப்போய் ஒருநாள் பட்டென்று முறியும்.

என் தங்கையின் புருஷன் குடித்துவிட்டு பைக்கிலிருந்து விழுந்து இடது தொடையை நொறுக்கிக்கொண்டான். அவனுக்குத் தகடு செய்யும் வேலை எங்கள் கூடத்துக்கு வந்தது. மாப்பிள்ளைக்கு என்று சொல்லி நானே கேட்டு வாங்கிச் செய்தேன். கண்ணாடியாக மினுக்கினேன். நடுத்துளையின் உள்விளிம்பை மட்டும் தொடவில்லை. மறைப்பானேன், ஊசியால் அங்கே ஒரு கோடும் இழுத்தேன். திருகு மூடிக்கொள்ளும் இடம். கடைசியாகப் பார்த்து அனுப்புபவனும் நான்தானே.

அவன் தங்கையை உதைப்பான். வலது காலால், வயிற்றில். ஒரு கரு அதிலேயே போயிற்று. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாடிவீடு, அவள் கதவைத் திறந்ததும் படிக்கட்டு உச்சியில் நின்றபடியே உதைப்பான். அப்போது மொத்த பாரமும் ஊன்றிய இடது காலில் முறுக்கிக்கொண்டு இறங்கும். ஒழுங்காக நடந்தால், எலும்பு கூடும்வரை தகடு தாங்கும். உதைத்தால் தாங்காது. முடிவை அவன் காலிடமே விட்டேன். இதைவிட நியாயமாக யார் நடந்திருப்பார்கள்?

ஊன்றுகோலை வீசியதும் அவன் பழையபடி ஆரம்பித்தான். தங்கை ஒரு பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உதடு கிழிந்திருந்தது.

"அண்ணா, இனிமே என்னால முடியாது. இங்கயே ஒரு மூலையில இருந்துக்கறேன்."

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோம்மா. எல்லாம் தானா முடிஞ்சிடும். அண்ணன் சொல்றேன்ல."

அவள் என்னிடம் தங்கிவிட்டால் உதை நின்றுவிடும். உதை நின்றால் எலும்பு கூடிவிடும். நானே ஆட்டோ பிடித்து அவளைக் கொண்டுபோய் விட்டுவந்தேன். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். கீழ்ப்படியில் அவன் கழுத்து மடிந்து கிடந்தான். தகடு நான் கோடு இழுத்த இடத்திலேயே முறிந்து, தொடையைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. தகடு முறிந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். சுத்தமான முறிவு.

மேலே, கதவோரம் தங்கை கிடந்தாள். கடைசி உதையில் ஈரல் கிழிந்துவிட்டதாம், டாக்டர் சொன்னார்.

அவனைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். தங்கையைக் கொன்றது அவன். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் ஐயா.