சிரிக்காத பிணம்

என் கூடையில் கெட்ட மீன் இருந்ததே இல்லை, ஐயா. அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். வேதமாணிக்கம் கெட்ட மீன் தின்று செத்தார் என்று நீங்கள் எழுதிக்கொண்டதாக மார்க்கெட் முழுக்கப் பேச்சு. இன்று காலை என் வாடிக்கைக்காரி பச்சையம்மா வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போனாள். இத்தனை காலத்தில் அவள் என் மீனைச் சந்தேகப்பட்டதில்லை. அவருக்குக் கொடுத்த மீனும் அப்போதுதான் வலையிலிருந்து இறங்கியது. கெட்ட மீன் வேறு, விஷ மீன் வேறு. தயவுசெய்து அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

உட்காரச் சொன்னதற்கு நன்றி. முதலிலிருந்தே சொல்கிறேன்.

நீங்கள் இந்தப் பக்கத்துக்குப் புதியவர். எங்கள் பந்தாட்டத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ராயபுரத்து மீன்காரப் பிள்ளைகளின் டீமுக்கும் பேசின் பிரிட்ஜ் ரயில் ஷெட்டுக்காரர்களின் டீமுக்கும் தை மாதம் கொருக்குப்பேட்டை மைதானத்தில் ஆட்டம் நடக்கும். தோற்ற பக்கத்தில் தொண்டை கிழியக் கத்தியவர் பிணமாகப் படுக்க வேண்டும். ஜெயித்தவர்கள் அவருக்குக் கடைசிச் சோறு போட்டு, பாடை கட்டி, மேளம் அடித்து, ஒப்பாரி வைத்துக் கடல்வரை தூக்கிப்போய் அலையில் வீசுவார்கள். வழியில் பிணம் சிரித்துவிட்டால் ஒப்பாரி அங்கேயே நின்றுவிடும். பாடையை இறக்கிவிட்டு, பிணத்தின் ஆட்கள் எல்லோருக்கும் கலர் சோடா வாங்கித் தர வேண்டும். சிரிக்காமல் கடல் சேர்ந்துவிட்டால் அந்த வருஷம் யாரும் தோற்கவில்லை என்று பொருள். அப்படி ஒருவரும் சேர்ந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் அதிகமாகக் கத்துவது நான்தான். ஆனால் பெண்பிள்ளையைப் பாடையில் ஏற்ற யாருக்கும் துணிச்சல் இல்லை. நாங்கள் தோற்றால் வேலப்பன் படுப்பான். பாடையில் கட்டி முடிச்சுப் போடும்போதே சிரித்துவிடுவான். நாங்கள் ஜெயித்தால் ஷெட்டுக்கார வேதமாணிக்கம் படுப்பார். ஒப்பாரி நான் பாடுவேன்.

என்னை நீங்கள் அந்த மைதானத்தில் பார்த்திருக்க வேண்டும். என் புருஷன் மண்ணாங்கட்டி என்னை "ஏய்" என்பதற்கு மேல் எதுவும் கூப்பிட்டதில்லை. மோசமானவர் இல்லை. கடலுக்குப் போவார், வருவார், தூங்குவார். எனக்கென்று ஒரு பெயர் இருப்பது மைதானத்துக்குப் போனால்தான் எனக்கே நினைவு வரும். எதிர்ப்பக்கத்திலிருந்து வேதமாணிக்கம் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூவுவார்.

"இன்னாமே கெங்கம்மா! உன் டீமாண்ட பந்து குடுத்தாக்கூட கூறுபோட்டு வித்துகினு பூடுவானுங்களே!"

"யோவ் கரிமூஞ்சி! உன் ஆளுங்க இஞ்சினு மாறி பொகைதான் வுடுவானுங்க. நவுரவே மாட்டானுங்க!"

"வாய்க்கு ஒரு கோலுன்னா நீ ஒருத்தியே கெலிச்சுடுவ கெங்கம்மா!"

ஆட்டத்தை விட்டுவிட்டு ஜனங்கள் எங்களைப் பார்ப்பார்கள். அதற்காக நான் வருஷம் முழுக்க மீன் ஆயும்போது பதில்களைத் தயார் செய்வேன். ஒப்பாரியும் கட்டுவேன். ஆனால் மூன்றாவது அடிக்கு மேல் அவர் என்னைப் பாடவிட்டதில்லை. வயிறு குலுங்கும், பாடையே ஆடும், "போதும்மே, சாவடிக்காத" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார். மிச்சப் பாட்டு எனக்குள்ளேயே கிடக்கும். வருஷா வருஷம் அது நீண்டுகொண்டே போனது.

போன கிறிஸ்மஸுக்கு முன் அவர் என் கூடையண்டை வந்து குந்தினார். மீன் வாங்கவில்லை. துண்டை மடித்து மடித்துப் பிரித்தார்.

"கெங்கம்மா, நம்ம ஐரீனுக்கு கலியாணம். கோயில்ல கலியாண ஓலை வாசிச்சாச்சு. மாப்ள யார் தெரியுமா? உங்க கோல்கீப்பரு தேவப்பிரியம்."

"நல்ல புள்ளதான்," என்றேன்.

"பொண்ணு இன்னா சொல்றா தெரியுமா? மருமவப்புள்ள எதிர்ல நின்னுகினு கத்தாத நைனா, அசிங்கமா கீதுன்றா. நானும் யோசிச்சேன். இந்த ஒரு ஆட்டம்தான். அடுத்த வருசத்துலருந்து உன் பக்கம் வந்து ஒக்காந்துக்கறேன். ரெண்டு பேரும் சேர்ந்து கத்தலாம், இன்னா?"

அவர் அதை ஒரு பரிசு கொடுப்பதுபோலச் சொன்னார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு கூடையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் யாராவது கூவுவார்களா, ஐயா? பக்கத்தில் இருந்தால் மெதுவாகப் பேசுவார்கள். கடலை தருவார்கள். "பசங்க சௌக்கியமா" என்பார்கள். அந்தப் பெரிய மைதானத்தைத் தாண்டி என் பெயர் வந்து சேரும் அந்த நேரம், அது யாருக்கும் சொந்தமில்லாமல் நின்றுபோகும். ஒரு ஆட்டம் நடப்பதற்கு இரண்டு பக்கம் வேண்டும். நான் நினைத்தது அவ்வளவுதான். எதிரியாகவே இருந்து முடிக்க அவருக்கு உதவலாம் என்று பட்டது.

பேத்தை மீன் வலையில் விழுந்தால், தின்றவர் உடம்பு மரத்து அசையாமலே செத்துப்போவார் என்று எங்கள் ஆட்கள் கரையிலேயே வீசிவிடுவார்கள். ஆட்டத்தன்று காலை நான் ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

இன்னொன்றையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எங்கள் டீம் தோற்றிருந்தால் கடைசிச் சோறு வேறு பக்கம் போயிருக்கும். வேதமாணிக்கம் இன்று ஷெட்டுக்கு வேலைக்குப் போயிருப்பார். ஜெயித்த கோலை எங்கள் டீம் திருமலை அடித்தான். அவர்கள் பந்தைத் தடுத்தது தேவப்பிரியம். என்னை மட்டும் கேட்பது நியாயமா என்று யோசியுங்கள்.

மைதானத்து வேப்பமரத்தடியில் இலை போட்டேன். அவருக்குப் பிடிக்கும் என்று தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு. வழித்துத் தின்றார்.

"நாக்கு மரத்துக்கினு வருதே கெங்கம்மா. இன்னா காரம் போட்ட?"

"தோத்தவனுக்கு எதுவுமே காரமாத்தான் கீது. போய்ப் படு."

சிரித்துக்கொண்டேதான் படுத்தார். அதுதான் அவர் கடைசியாகச் சிரித்தது.

மேளம் கிளம்பியது. நான் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பாடையின் பக்கத்தில் நடந்தேன்.

*கோல்கம்பம் ரெண்டிருக்க*
*கோட்டைவாசல் தெறந்திருக்க*
*பந்துபோவ வழியிருந்தும் – என் ராசா*
*பாதையத்தான் மறந்தாயோ*

ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் அசையவில்லை. இரண்டாவது பாட்டுக்கும் அசையவில்லை. மூன்றாவதில், அவர் தொந்தியைப் பற்றிய பாட்டு அது, வேலப்பன் ஒரு வைக்கோல்துரும்பால் அவர் உள்ளங்காலைக் கீறினான். ஒன்றும் இல்லை.

"கில்லாடிப்பா! இந்தவாட்டி இன்னாமா நடிக்கிறான் பாரு!" என்று ஷெட்டுக்காரர்கள் விசிலடித்தார்கள்.

கல்மண்டபம் வந்தபோது வேடிக்கைப் பாட்டுகள் தீர்ந்துவிட்டன. அதற்கு மேல் இருந்தவை யாரும் கேட்டிராதவை. நான் பாடினேன்.

*ஆயிரம்பேர் கூச்சலுல*
*ஆளுக்கொரு பேரிருக்க*
*உங்கொரலு கூப்பிட்டுத்தான் – என் ராசா*
*எம்பேரு இனிச்சதய்யா*

சில பெண்கள் உண்மையாகவே மூக்கைச் சிந்தினார்கள். வேதமாணிக்கத்தின் கண் திறந்தே இருந்தது. அது வேறெங்கும் போகவில்லை. என் மேலேயே இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. "பொணம் அழுவுதுடா!" என்று எவனோ கத்த, மறுபடியும் ஒரே சிரிப்பு. எனக்கு மட்டும் புரிந்தது. என் பாட்டு அவருக்குப் பிடித்திருந்தது.

கடற்கரையில் கடைசி அடிவரை பாடி முடித்தேன். அலையில் வீசினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. அதையும் நடிப்பின் பகுதியாக எடுத்துக்கொண்டார்கள். ஷெட்டுக்காரர்கள் தண்ணீருக்குள் ஓடி அவரைத் தோளில் தூக்கி, "தோக்கலடா, நாம தோக்கல!" என்று கரையில் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். எங்கள் ஆட்கள் இது செல்லாது என்று சண்டைக்குப் போனார்கள். அலையில் போட்டபின் எவ்வளவு நேரம் சிரிக்காமல் இருக்க வேண்டும் என்று யாருக்கும் விதி தெரியவில்லை. அவருடைய தலை தோளிலிருந்து தொங்கியபடி எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றது. ஐரீன் வந்து நைனாவின் கன்னத்தைத் தட்டிப் பார்க்கிற வரைக்கும் அந்த வழக்கு முடியவில்லை.

பெண்ணின் அழுகை எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவளுக்கு ஒப்பாரியின் அடிகளே வரவில்லை. நான் பக்கத்தில் போய் எடுத்துக்கொடுத்தேன்.

கொல்லத்தானே மீனைக் கொடுத்தாய் என்று கேட்கிறீர்கள். ஆமாம், பேத்தை என்று தெரிந்துதான் கொடுத்தேன். ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றுதான், ஐயா. வழி நெடுக நான் அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உதட்டோரமாக ஒரே ஒரு தடவை சிரித்திருந்தால் பாட்டை அங்கேயே நிறுத்தியிருப்பேன்; பாடையை இறக்கி நானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருப்பேன்.

அவர்தான் சிரிக்கவில்லை.