நான் தண்ணீரில் எதையும் கலக்கவில்லை

நீங்கள் வைத்த தண்ணீருக்கு நன்றி. நான் வெளியிடங்களில் தண்ணீர் குடிப்பதில்லை. தப்பாக நினைக்க வேண்டாம். வீட்டிலேயே காய்ச்சி, ஆறவைத்து, துணியில் வடிகட்டிக் கையோடு கொண்டுபோவது என் பழக்கம்.

வாக்குமூலத்தை வாயால் சொல்வதைவிட எழுதித் தருகிறேன் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். பேசினால் எனக்குக் கோர்வையாக வராது. மாலை வகுப்பில் கட்டுரை சொல்லித்தருகிற ஆசிரியர், முதலில் காரணத்தை எழுது, அப்புறம் செயலை எழுது, விளைவு தானாக வந்து நிற்கும் என்பார். அப்படியே எழுதப் பார்க்கிறேன். இடையில் நான் எழுதியதை நானே அடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல் சரியாக விழுந்ததா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு.

நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் நான் உதவியாளன். மேட்டில் இருக்கும் தொட்டி என் பொறுப்பு. அங்கிருந்துதான் பள்ளத் தெருக்களுக்குத் தண்ணீர் இறங்குகிறது. தொட்டியின் மேல்தளத்தில் ஒரு நீல டிரம் உண்டு. அதில் குளோரின் கரைசலை நிரப்பினால், அடியில் உள்ள சின்னக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் விழும். கரைசல் கலப்பது, சொட்டுகிறதா என்று பார்ப்பது, மாதாமாதம் சோதனைக்கூடத்துக்கு மாதிரி பிடித்து அனுப்புவது, இவ்வளவுதான் என் வேலை. ஒருவர் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்த வேலை.

பள்ளத் தெருக்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் ஒரே குழியில் கிடக்கின்றன. இரண்டுமே இற்றுப்போனவை. தண்ணீர் விடும் நேரத்தில் தொந்தரவு இல்லை. நிறுத்தியதும், காலியான குழாய் பக்கத்தில் இருப்பதை உறிஞ்சிக்கொள்கிறது. மறுநாள் காலையில் முதல் வாளியைப் பிடிக்கிறவர்கள் எதைப் பிடிக்கிறார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. குளோரின் இருந்ததால் அது அவர்களை ஒன்றும் செய்யவில்லை. வாடை மட்டும் வந்துகொண்டிருந்தது.

மாதிரி பிடிப்பதில் எங்கள் பிரிவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. முந்தின நாள் குளோரினை இரண்டு மடங்காக விடுவோம். மறுநாள் தொட்டி வாசலில் உள்ள குழாயிலேயே மாதிரி பிடித்துவிடுவோம். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தாராம். பள்ளத்தில் கடைசி வீட்டுக் குழாயிலும் ஒரு பாட்டில் பிடிக்கட்டுமா என்று இன்ஜினியரிடம் ஒருமுறை கேட்டேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். “விருந்தாளி வர்றாங்கன்னா வீட்டைப் பெருக்குறோம்ல? அதுக்காகக் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாருங்கன்னா சொல்லுவோம்? போய் வேலையைப் பாருய்யா.”

ஆகவே அறிக்கைகளில் எப்போதும் ஒரே வாசகம்தான்: குடிக்கத் தகுந்தது.

இனி நகர்மன்றக் கூட்டம். மன்றத்தின் முன்னால் இருந்தவை இரண்டு திட்டங்கள். ஒன்று, பள்ளத் தெருக்களுக்குப் புதுக் குழாய். இன்னொன்று, மன்றக் கட்டடத்துக்கு முன்னால் வண்ண விளக்கோடு ஒரு நீரூற்று. இந்த ஆண்டு இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். நான் அறிக்கையோடு சுவரோரம் நிற்க வேண்டும். ஏதாவது கேட்டால் சொல்ல வேண்டும்.

அந்த அறையை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தரைவிரிப்பு எப்போதோ நனைந்து காயாமலே இருக்கிறது. காலை வைத்தால் ஈர நாயின் வாடை எழும்பும். உறுப்பினர்கள் முன்னால் வரிசையாகக் கடைத் தண்ணீர்ப் பாட்டில்கள். தலைவர் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி, அது உடைந்து உள்ளே விழுந்ததும் மோதிர விரலை விட்டுத் துழாவி எடுத்து, விரலோடு சேர்த்துச் சப்பினார். அவருக்கு அடுத்தவர் கைக்குட்டையில் இருமிவிட்டு, என்ன வந்திருக்கிறது என்று விரித்துப் பார்த்து மடித்துக்கொண்டார். மூலையில் இருப்பவருக்கு எங்கள் அலுவலகத்தில் ஆமோதிப்பு என்று பெயர். கூட்டம் முழுக்கத் தூங்குவார், சத்தம் கேட்டால் “ஆமோதிக்கிறேன்” என்று விழிப்பார். ஒருமுறை ஜன்னல் அடித்துக்கொண்டதையும் ஆமோதித்திருக்கிறார்.

எதிரே பெஞ்சுகளில் பள்ளத் தெரு ஆட்கள். ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு, வியர்வையும் குழந்தை மூத்திரமுமாக. அவர்களுக்காகத்தான் நான் எல்லாவற்றையும் செய்தேன் என்பதால் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அவர்கள் பக்கத்திலிருந்து வந்த காற்றும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களை வழிநடத்தி வந்தவர் ஒரு தையல்காரம்மா. என் அக்கா வீட்டுக்கு அடுத்த வீடு. ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து தலைவரின் மேசையில் வைத்தார். பழுப்பு நிறம், அடியில் நூல்நூலாக ஏதோ.

“ஐயா, இதுல ஒரே ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க. நாங்க பேசாம எழுந்து போயிடுறோம்.”

“நான் எதுக்கும்மா? தண்ணிக்குன்னே ஒரு ஆளு சம்பளம் வாங்குறாரே.” தலைவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, இப்படி வாங்க. நல்ல தண்ணின்னு நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க? குடிங்க.”

குடித்தேன். மறுக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு சார்.”

கதவை எட்டுவதற்குள் பூந்தொட்டியில் வாந்தி எடுத்துவிட்டேன். முதலில் தலைவர் சிரித்தார். அப்புறம் மேசை முழுக்கச் சிரித்தது. அப்புறம் பெஞ்சுகளும் சிரித்தன. “நாங்க தெனமும் இதுலதான் சமைக்கிறோம், தொரைக்கு ஒரு வாய் தாங்கல!” என்று ஓர் ஆள் கத்தினான். தையல்காரம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சத்தத்தில் விழித்த ஆமோதிப்பு தன் கடமையைச் செய்தார். அறிக்கை சரியாக இருப்பதால் நீரூற்றை அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று முடித்தார்கள்.

அந்தச் சிரிப்பை நான் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. நடந்தது என்பதற்காக எழுதினேன், அவ்வளவுதான்.

என்னை வாட்டியது வேறு. நூல்நூலாக மிதக்கும் தண்ணீரை எப்படி எல்லோராலும் நல்ல தண்ணீர் என்று சொல்ல முடிந்தது? பல நாள் யோசித்ததில் விடை கிடைத்தது. பொய் சொல்வது அறிக்கை அல்ல, இன்ஜினியரும் அல்ல. குளோரின்தான் பொய் சொல்கிறது. அது இருக்கும்வரை யாரும் சாக மாட்டார்கள். யாரும் சாகாதவரை குழாய் வராது. எங்கேயாவது தப்பு இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

ஒரு காலையில் வழக்கம்போல் மேல்தளத்துக்கு ஏறி, டிரம்மின் சின்னக் குழாயைத் திருகி மூடினேன். ரொம்ப லேசான வேலை. ஒன்றைக் கவனியுங்கள். நான் தண்ணீரில் எதையும் கலக்கவில்லை. கலப்பதை நிறுத்தினேன். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரில் இருந்தது அவர்களுடையதுதான்.

கூட்டத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. நாலைந்து பேருக்கு வயிறு கெடும், கடைசி வீட்டுக் குழாயில் மாதிரி பிடிப்பேன், கூட்டத்தில் வைப்பேன், டிரம்மைத் திறந்துவிடுவேன். அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் வேறோர் ஊரில் நீரூற்று எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவரத் தலைவரும் உறுப்பினர்களும் கிளம்பிப் போனார்கள். கூட்டம் தள்ளிப்போயிற்று. திரும்பி வந்ததும் இன்னொரு முறை தள்ளிப்போயிற்று. அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா போன் செய்தாள்.

“டேய், பாப்பாவுக்கு நேத்துலேருந்து நிக்காம போகுதுடா. தண்ணியைக் காய்ச்சிக் குடுக்கட்டுமா?”

“தண்ணில ஒண்ணும் இல்லக்கா. வெயிலுக்கு இருக்கும்.”

“அப்படியா? நீ சொன்னா சரிதான். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவும் சும்மா பயந்துட்டு இருக்கு. எங்க தம்பியே சொல்லிட்டான்னு அதுகிட்டயும் சொல்லிடுறேன்.”

இந்த இடத்தில் உங்கள் முகம் சுருங்கும் என்று தெரியும். பொறுமையாகப் பாருங்கள். அக்கா காய்ச்சினால் அடுத்த வீடு காய்ச்சும். அடுத்த வீடு காய்ச்சினால் தெருவே காய்ச்சும். அப்புறம் இத்தனை நாள் பட்டதெல்லாம் வீண். அதோடு, ஊருக்கு ஒரு தண்ணீர், என் வீட்டு ஆட்களுக்கு ஒரு தண்ணீர் என்று வைத்தால் அது சொந்தக்காரர்களுக்குச் செய்யும் சலுகை. நான் சலுகை காட்டுகிறவன் அல்ல. பாப்பாவுக்கு அப்போதுதான் நடை பழகியிருந்தது. என்னைக் கண்டால் தத்தித் தத்தி வந்து காலைக் கட்டிக்கொள்ளும், மூக்கு எப்போதும் ஒழுகும், பேன்ட்டில் துடைத்துவிடும். எனக்கு அதன்மேல் பிரியம் உண்டு. பிரியம் என்று எழுதியதை அடிக்க வேண்டுமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

ஒருவழியாகக் கூட்டம் கூடியபோது ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் நடக்க இடமில்லை. பள்ளத் தெருவில் ஒரு கிழவரும் இரண்டு கைக்குழந்தைகளும் இறந்திருந்தார்கள். கடைசி வீட்டுக் குழாயில் பிடித்த மாதிரியின் முடிவை நான் வாசித்தேன். தலைவர் பிஸ்கட்டைத் தொடவில்லை. நீரூற்றைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. புதுக் குழாய்க்கான தீர்மானம் ஒரு மனதாக நிறைவேறியது. ஆமோதிப்பு முழு விழிப்போடு ஆமோதித்தது அன்றைக்குத்தான்.

வெளியே தையல்காரம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இறந்த கைக்குழந்தைகளில் ஒன்று அவருடைய பேரன்.

“நீங்க ஒருத்தர்தான் சார் உண்மையைச் சொன்னீங்க. அன்னிக்கு உங்களைப் பாத்துச் சிரிச்சுட்டோம். மனசுல வச்சுக்காதீங்க சார்.”

அவர் கை கண்ணீரும் சளியுமாகப் பிசுபிசுத்தது. அவர் விடும்வரை நான் கையை இழுக்கவில்லை. பிறகு அலுவலகம் போய் சோப்புப் போட்டு, தோல் எரியும்வரை கழுவினேன்.

காரணம், செயல், விளைவு எல்லாம் எழுதியாயிற்று. ஆசிரியர் சொன்னபடி பார்த்தால் கட்டுரை இங்கே முடிய வேண்டும். ஆனால் நீங்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்: தீர்மானம் நிறைவேறிய பிறகும் டிரம் ஏன் மூடியே இருந்தது? பம்ப் ஓட்டுகிறவர் தற்செயலாக மேலே ஏறி, கரைசல் ஒரு விரல்கூடக் குறையாமல் நிற்பதைப் பார்க்காமல் இருந்திருந்தால், இன்னும் எத்தனை நாள் அப்படியே விட்டிருப்பாய்?

முதலில், மறந்துவிட்டேன் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். தினமும் அந்த டிரம்மைத் தாண்டித்தான் போனேன். மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருந்தேன் என்று எழுதினேன். மூடுவதற்கு உத்தரவு கேட்காதவன் திறக்க மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்பீர்கள், அதையும் அடித்தேன். தீர்மானம் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் அவர்கள், குழிவெட்டத் தொடங்கும்வரை பொறுப்போம் என்று நினைத்ததாக எழுதினேன். இது ஓரளவு சரியாகப் பட்டது. ஆனால் குழிவெட்டத் தொடங்கியதையும் நான் போய் நின்று பார்த்தேன். அன்று மாலையும் திறக்கவில்லை.

அந்த நாட்களில் மாலை வகுப்புக்குப் போகும் வழியில் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். துறையிலிருந்து ஓர் ஆளாவது போய்ப் பார்க்க வேண்டாமா? மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும்; பொத்திக்கொள்ள மாட்டேன். வாளிகளும் ஈரத்துணிகளும் கட்டிலுக்கு அடியில் ஒழுகியவையும் எனக்குப் பழகவே இல்லை. ஒவ்வொரு கட்டிலாக நின்று விசாரித்தேன். கடைசிக் கட்டிலில் பாப்பா கிடந்தது. கண் உள்ளே போய், உதடு வெடித்து, என்னைப் பார்த்தும் கையைத் தூக்கவில்லை. அக்கா அதன் வாயில் ஸ்பூனால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

“வீட்டுலேருந்துதான் கொண்டுவந்தேன்டா. இங்க உள்ள தண்ணிய நம்ப முடியல. மேட்டுத் தொட்டியத்தான் நீ சரி பண்ணிட்டியாமே, எல்லாரும் சொல்றாங்க. இப்ப குடுக்கலாம்ல?”

நான் தலையசைத்தேன். மறுநாள் காலையில் பாப்பா இறந்துபோனது.

அன்று சிரித்தவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊருக்கு நல்லது செய்தேன் என்பதில் இன்றைக்கும் சந்தேகம் இல்லை. குழாய் பதித்துக்கொண்டிருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். உங்கள் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை சின்னது. சரியா தப்பா தெரியவில்லை, அடிக்காமல் விடுகிறேன். நான் வார்டுக்குள் நுழைந்ததும் “சார் வந்துட்டார்” என்று ஒரு குரல் கேட்கும். உடனே, எழுந்திருக்க முடியாதவர்கள்கூடக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்ப்பார்கள். குணமானவர்கள் அப்படிச் செய்வதில்லை.