சுவரோரம் ஒரு கயிறு

போகிக்கு நான்கு நாள் முன்பு, வியாழக்கிழமை காலை, உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவர் சொன்னார்:

"இப்ப எங்க வூட்ல ஒரு சேர் கூட கெடையாதுக்கா."

"போகி வர்றதுக்குள்ளயேவா? இன்னாடி ஆச்சி?"

"எங்க வூட்டுக்காரருக்குத்தான் கண்ணு சுத்தமா போயிடுச்சே. ஸ்டூலு தடுக்கி வுழுந்தவரு, அப்புறம் கட்டில வுட்டு எறங்கவேயில்ல. சேரு, ஸ்டூலு, ஷோகேசு எல்லாத்தையும் குடுத்துட்டேன். சுவரோரமா ஆணியடிச்சி தேங்கா நாரு கயிறு கட்டினேன். ஒரு முடிச்சி வந்தா பாத்ரூம், மூணு முடிச்சி வந்தா அடுப்பங்கர. நானே கண்ண மூடிக்கினு நடந்து பாத்தேன்."

"அவரு ஒங்கழுத்துல மூணு முடிச்சி போட்டாரு, நீ சுவத்துல போட்டியாக்கும்!"

இருவரும் சிரித்தார்கள். பிறகு மூத்தவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நடந்தாரா?"

"ஒரு வாரமா கயித்த தொடவேயில்லக்கா. நேத்து காலைல திரும்பிப் பாக்கறேன், அடுப்பாண்ட நின்னுக்கினு கீறாரு. 'டீ ஆச்சா'ன்றாரு."

"அழுதுட்டியா?"

"அழுதா அவரு காதுல வுழுமேன்னு பாத்திரத்த உருட்டிக்கினு நின்னேன்."